அரை மணி நேரத்தில் மாறிய கோத்திரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த 'அன்புள்ள' என்ற சொல்லை எழுத எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அன்பு இல்லாமல் இல்லை. கோபம் முன்னால் வந்து நின்றுகொண்டு வழி விடவில்லை. இப்போதும் அது போய்விடவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மாட்டுங்கா வீடு அப்படியே இருக்கிறது. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாமா என்று மூன்றாவது தடவையாகக் கூட்டம் போட்டு, மூன்றாவது தடவையாகச் சண்டை போட்டுக் கலைந்தார்கள். தம்பி பாலு அமெரிக்காவிலிருந்து ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறான். நான் ரிடையர் ஆகிவிட்டேன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்து வந்தபோது வீட்டில் சொல்ல யாரும் இல்லை. உங்கள் படத்திடம் சொன்னேன். நீங்கள் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

உங்களைத் தெரியாதவர்கள் கையில் இந்தக் கடிதம் என்றைக்காவது கிடைக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன்: நீங்கள் புரோகிதர் இல்லை. கப்பல் கம்பெனி ஒன்றில் ஹெட் கிளார்க். ஆனால் சாஸ்திரம் படித்த ஹெட் கிளார்க். பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு வந்து குடும்பம் நடத்தியவர்களுக்கு எது கூடும், எது கூடாது என்று சந்தேகம் வந்தால் செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். "மாமா சொல்லிட்டார்" என்றால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

அதோடு, நீங்கள் கல் மாதிரியான ஆளும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாலு முதன்முதலாக அமெரிக்கா போனபோது, கடல் தாண்டலாமா என்று யாரோ கேட்டார்கள். "அது கப்பலுக்குச் சொன்னது ஓய், ஏரோப்ளேனுக்கு இல்லை" என்றீர்கள். சந்தியாவந்தனத்தை எட்டே கால் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு மனசுக்குள்ளேயே முடிப்பீர்கள். மாடி வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள், மாதத்தில் மூன்று நாள் எங்கே போய் உட்காருவது என்று அம்மாவிடம் அழுதாள். ஒரு அறை, ஒரு சமையலறை, அதில் ஏழு பேர். நீங்கள் அவள் மாமியாரைக் கூப்பிட்டு, "பம்பாய்ல உள்ளேன்னும் வெளியேன்னும் ரெண்டு எடம் இருந்தான்னா அதெல்லாம் பார்க்கறது? கொழந்தையைப் படுத்தாதீங்கோ" என்றீர்கள். அந்தப் பெண்ணுக்கு இப்போது அறுபது வயது. இன்றும் உங்கள் பெயரைச் சொன்னால் கை கூப்புகிறாள்.

ஆக, காலத்துக்குத் தகுந்தபடி சாஸ்திரத்தை எப்படி வளைப்பது என்று உங்களுக்குத் தெரியும். வளைக்க மனசும் இருந்தது. பிறகு ஏன் அப்பா?

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சங்கரன் எங்கள் ஆபீசுக்கு எதிரே ஒரு வங்கியில் வேலை பார்த்தான். மாட்டுங்காவிலிருந்து ஒரே ரயில். இரண்டு வருஷம் பழகிய பிறகு அம்மாவிடம் சொன்னேன். அம்மா உங்களிடம் சொன்னாள். நீங்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை எதிரே உட்காரச் சொன்னீர்கள். குரலை உயர்த்தவே இல்லை.

"அவா பாரத்வாஜம், நாமளும் பாரத்வாஜம். ஒரே கோத்ரம்னா கூடப் பொறந்த மாதிரிடீ லல்லி. அண்ணா தங்கைக்கு யாராவது கல்யாணம் பண்ணி வெப்பாளா?"

"ஒரு வழியும் இல்லையாப்பா?"

"வழி இருந்தா நான் பண்ணி வெக்க மாட்டேனா?"

அதை நீங்கள் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உங்களுக்கே வருத்தமாக இருப்பதுபோலச் சொன்னீர்கள். நான் உங்களுக்காக இரக்கப்பட்டேன், தெரியுமா? பாவம் அப்பா, அவர் என்ன செய்வார் என்று நினைத்தேன். மறுநாள் மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் சங்கரனிடம் சொன்னேன். அவன் சண்டை போடுவான், ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, "மாமா பொய் சொல்ல மாட்டார்" என்றான். அவனும் உங்களை அவ்வளவு நம்பினான்.

அதன் பிறகு நீங்கள் கொண்டு வந்த ஜாதகங்கள் எதற்கும் நான் தலையசைக்கவில்லை. நீங்களும் ஐந்தாறு வருஷத்துக்குப் பிறகு கொண்டு வருவதை விட்டுவிட்டீர்கள். சங்கரன் ஐரோலியில் இருக்கிறானாம், பேத்தி பிறந்திருக்கிறதாம். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. விசாரித்ததும் இல்லை. நான் ஒன்றும் தினம் அழுதுகொண்டிருந்தவள் இல்லை அப்பா. ஆபீஸ் இருந்தது, சினேகிதிகள் இருந்தார்கள், அம்மாவின் கடைசிக் காலம் இருந்தது, பிறகு நீங்கள் இருந்தீர்கள். இது சாஸ்திரம், இதற்கு யாரும் பொறுப்பில்லை என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகவே இருந்தேன்.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து, பாலுவின் பிள்ளை ஆதித்யா அமெரிக்காவிலேயே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான். நம்மவர்கள்தான். பெற்றோர் டோம்பிவிலி. பாலு வீடியோ காலில் தயங்கித் தயங்கி, "அப்பா, ஒரே ஒரு ப்ராப்ளம், அவாளும் பாரத்வாஜம்" என்றான். நான் சமையலறையில் சேனை நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். எனக்குச் சொன்னதையே அவனுக்கும் சொல்வீர்கள் என்று நினைத்தேன். பாவம் ஆதித்யா என்றுகூட நினைத்துவிட்டேன்.

நீங்கள் சிரித்தீர்கள்.

"இதுல என்னடா இருக்கு? பொண்ணை அவ மாமாவுக்குத் தத்துக் குடுத்துட்டா ஆச்சு. கோத்ரம் மாறிடறது. கல்யாணத்துக்கு மொத நாள் கார்த்தால ஒரு அரை மணி நேரம். ஒனக்கு வாத்தியாரை நான் பேசி வெக்கறேன்."

அரை மணி நேரம் என்று நீங்கள் சொன்னதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். செம்பூர் கல்யாண மண்டபத்தில் நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பெண் மாமாவின் மடியில் உட்கார இடம் போதாமல் சிரித்தாள். வாத்தியார் நடுவில் ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டேகாலுக்கு ஆரம்பித்தார்கள், எட்டு நாற்பதுக்கு அவள் கௌண்டின்ய கோத்திரம். எட்டே முக்காலுக்கு எல்லோரும் இட்லி சாப்பிடப் போய்விட்டார்கள். எனக்கு அந்தத் தாம்பாளத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். பாலுவின் மனைவி வந்து, "அக்கா, டிபன் ஆறிடும்" என்றாள்.

எல்லோரும் ஊருக்குத் திரும்பும்வரை வாயைத் திறக்கவில்லை. அதற்கு மறுநாள் சாயங்காலம், நீங்கள் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"அப்பா, இந்தத் தத்து விஷயம் ஒங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"இது என்ன புதுசா? எங்க தாத்தா காலத்துலயே உண்டே."

"அப்படின்னா எனக்கு ஏன் சொல்லலை?"

நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை. யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்று உங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. மறந்திருப்பீர்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

"அவன் தகப்பனார் கல்யாணச் சமையலுக்குப் போறவர்மா. நம்மாத்துக் கல்யாணத்துல கரண்டி பிடிக்கறவர் ஆத்துல, ஒன்னை எப்படிக் குடுக்கறது?"

"கோத்ரம்னு சொன்னேளே!"

"அதைச் சொன்னா ஒனக்கு மனசு ஆறிடும்னு நெனச்சேன். சாஸ்த்ரத்து மேல யாரும் கோவிச்சுக்க முடியாதோன்னோ. நெஜத்தைச் சொல்லியிருந்தா ஜன்மம் பூரா என் மேல கோவிச்சுண்டு இருப்பே."

அப்புறம் காபி கேட்டீர்கள்.

நான் போட்டுக்கொடுத்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. நாலு நாள் உங்களோடு பேசவில்லை. ஆனால் மாத்திரையை வேளாவேளைக்கு எடுத்துவைத்தேன். ஐந்தாம் நாள் மழை வந்து துணி நனைந்தது, "துணியை எடு" என்றீர்கள், "எடுத்துட்டேன்" என்றேன். அப்படியே பேச்சு திரும்ப ஆரம்பித்துவிட்டது. அதைப் பற்றி மறுபடி பேசலாம், ஒருநாள் நன்றாகச் சண்டை போடலாம் என்று இருந்தேன். ஏழாவது வாரம் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். சண்டை போடக்கூட எனக்கு இடம் வைக்காமல் போய்விட்டீர்கள். அம்மாவுக்கு இது தெரியுமா? தெரிந்துதான் அன்று சமையலறையை விட்டு வெளியே வராமல் இருந்தாளா? யாரிடம் கேட்பேன்?

போன மாதம் செம்பூரில் ஒரு கூட்டம். 'தர்ம சாஸ்திரம் காலத்துக்கேற்ப மாறலாமா' என்று தலைப்பு வைத்து, மேடையில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று ஆண்கள். உங்கள் சினேகிதர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒரு பக்கம், ஓர் எழுத்தைக்கூட மாற்ற நமக்கு என்ன அருகதை என்றது. எதிர்ப் பக்கம், காலத்துக்கு ஒவ்வாத எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்றது. ஒன்றரை மணி நேரம் கேட்டேன். எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது. மாறலாமா கூடாதா என்று என்ன ஐயா கேள்வி? அது தினம் மாறிக்கொண்டுதானே இருக்கிறது? பிள்ளை விமானம் ஏற வேண்டுமென்றால் மாறுகிறது. பேரன் கல்யாணத்துக்கு அரை மணியில் மாறுகிறது. சமையல்காரர் பிள்ளை வந்து நின்றால் மட்டும் அன்று முதல் அது கருங்கல். என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விடாமல் தடுத்தது சாஸ்திரமே இல்லை என்றால், நான் முப்பத்திரண்டு வருஷமாக எதற்குப்பா கட்டுப்பட்டிருந்தேன்?

கத்தவில்லை. கூட்டம் முடிந்து போண்டாவும் காபியும் கொடுத்தார்கள். வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆனதற்கான வருஷாப்திகத்துக்குப் பாலுவால் வர முடியவில்லை. "அக்கா, நான் ஆபீஸ்லேர்ந்தே ஸ்பீக்கர்ல சொல்லிடறேனே, வாத்தியார் மந்திரம் சொல்லட்டும்" என்றான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "அதெல்லாம் கூடாது! பெத்த அப்பாவுக்கு ஒரு நாள் ஈர வேஷ்டியோட ஒக்காந்து பண்ண முடியாதா ஒனக்கு?" என்று கத்தினேன். கத்தியது நான்தான், ஆனால் குரல் உங்களுடையது. அவன் லீவு போட்டுக் குளித்து, அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்தான். எனக்குத் திருப்தியாக இருந்தது. எல்லாம் மாற வேண்டும் என்று சொல்கிறவளுக்கு இது ஏன் மாறக் கூடாது என்று யாராவது கேட்கலாம். ஒன்று மட்டும் தோன்றுகிறது. இதனால் யார் வாழ்க்கையும் நின்றுபோகாது. ஒரு நாள் லீவுதான் போகும்.

இப்போது, இந்தக் கடிதம் எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் உங்கள் பழைய டெலிபோன் அடித்தது. செம்பூரிலிருந்து ஓர் அம்மாள், பெயர் மீனாட்சி. "மாமா இருக்காரா?" என்று கேட்டாள். நீங்கள் போன விஷயம் அவளுக்குத் தெரியவில்லை. சொன்னதும் அழுதுவிட்டாள். அவள் கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொடுத்ததே நீங்கள்தானாம். "இப்போ எம் பொண்ணுக்கு ஒரு சந்தேகம், யார்ட்டக் கேப்பேன்?" என்றாள். என்ன என்றேன். பெண்ணும் பையனும் ஒரே கோத்திரம். தத்துக் கொடுத்துவிட்டுச் செய்யலாம் என்று கேள்விப்பட்டாளாம், முறை தெரிய வேண்டுமாம். எனக்கு ஒரு நிமிஷம் ரிசீவரை வைத்துவிடலாமா என்று இருந்தது. "சனிக்கிழமை மத்தியானம் பொண்ணையும் அழைச்சுண்டு வாங்கோ" என்றேன்.

வந்தார்கள். பெண் பெயர் ஸ்ருதி. இருபத்தாறு வயசு இருக்கும், ஆபீஸ் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. நான் ஆதித்யா கல்யாணத்தில் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாமா மடி, ஹோமம், எல்லாம். வழி இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பெண் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். எனக்கு இதை அன்று யாராவது சொல்லியிருந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருப்பேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஆன்ட்டி, சாரி. நான் பண்ண மாட்டேன். பப்பா போயி மூணு வருஷம் ஆறது. ஐ.சி.யூ.ல கைய விடாம பிடிச்சுண்டிருந்தார். இப்போ கல்யாணத்துக்கு மொத நாள், நான் அவர் பொண்ணு இல்லை, மாமா பொண்ணுன்னு அக்னி முன்னாடி சொல்லணுமா? தப்புன்னா தப்பு, நான் கேட்டுக்கறேன். தப்பு இல்லைன்னா இந்த நாடக் எதுக்கு?"

"பாத்தேளா, இப்படித்தான் ஆத்துலயும்" என்று மீனாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் இழந்துபோனதாக ஒன்றரை வருஷமாகக் குமைந்துகொண்டிருந்த அந்த அரை மணி நேரத்தை, ஒரு தட்டில் வைத்து நான் நீட்டியும் இந்தப் பெண் வேண்டாம் என்கிறாள். அது வழியே இல்லை, பின்பக்கச் சந்து என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

ஸ்ருதியைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்லிவிட்டு, மீனாட்சியிடம் நெருங்கி உட்கார்ந்தேன். "நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கோ. கோத்ரம்தானா? இல்லை, அந்தப் பையனாத்துல ஏதாவது பிடிக்கலையா? இருந்தா இப்பவே பொண்ணுகிட்ட அதைச் சொல்லிடுங்கோ. கோத்ரத்து மேல பழியைப் போடாதீங்கோ."

"ஐயோ மாமி, தங்கமான பையன்! ஞாயித்துக்கெழமை ஆனா நானே கூப்பிட்டு அடை வார்த்துப் போடறேன். எனக்குப் பயம், அவ்வளவுதான். நாளைக்குக் கொழந்தைகளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அன்னிக்கே தெரியாதான்னு எல்லாரும் என்னைத்தானே கேப்பா? அவரும் இல்லை. யாராவது பெரியவா ஒருத்தர் சரின்னு சொல்லிட்டா, எனக்குப் போறும்."

அவளுக்கு வேண்டியது மந்திரம் இல்லை. தைரியமாக ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. நான் கல்யாணமாகாத ரிடையர்டு கிளார்க். மேலே சுவரில் நீங்கள் இருந்தீர்கள்.

"இதை அப்பாகிட்டயே ஒரு தடவை கேட்டிருக்கேன்" என்றேன். குரல் நடுங்கவே இல்லை, எனக்கே ஆச்சரியம். "அதெல்லாம் அந்தக் காலத்துல சின்னச் சின்ன ஊர்ல, எல்லாரும் சொந்தமா இருந்தப்போ சொன்னது. இப்போ எங்கேயோ பொறந்து எங்கேயோ வளந்தவா. தகப்பன் பேரை மாத்த வேண்டாம், அப்படியே கன்னிகாதானம் பண்ணலாம், ஒரு தோஷமும் இல்லைன்னுட்டார்."

"மாமாவே சொன்னாரா?"

"மாமாவேதான்."

மீனாட்சி எழுந்து உங்கள் படத்துக்கு நமஸ்காரம் செய்தாள். எழுந்தபோது அவள் முகமே வேறாக இருந்தது. ஸ்ருதியின் சித்தப்பா கன்னிகாதானம் செய்யட்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. வாத்தியார் கேட்டால் "மாட்டுங்கா மாமா சொல்லிட்டார்" என்று சொல்லப்போகிறாளாம். சொல்லட்டும்.

ஆமாம், பொய்தான். உங்களிடமிருந்து கற்றது. கோபம் வந்தால் வாருங்கள், சண்டை ஒன்று பாக்கி இருக்கிறது.

அவர்களை அனுப்பக் கீழே வரை போனேன். மீனாட்சி டாக்ஸி பிடிக்க முன்னால் போய்விட்டாள். ஸ்ருதி படியில் நின்று மெதுவாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, தாத்தா சச் மே, நெஜமாவே அப்படிச் சொன்னாரா?"

"சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு ஆபீஸ் பையோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டாள். நம் வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டதில்லை, கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தை மாதம் கல்யாணம். நான் போகிறேன். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. டெலிபோனை எடுத்துவிடச் சொல்லிப் பாலு நச்சரிக்கிறான், எடுக்க மாட்டேன். உங்களைக் கேட்டு இனியும் யாராவது கூப்பிடுவார்கள். யாரைப் பிடித்திருக்கிறது, யாரைப் பிடிக்கவில்லை என்பதை முதலில் அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பேன். அதற்கு அப்புறமும் பயம் மட்டும்தான் மிச்சம் என்றால், நீங்கள் சரி என்று சொல்லிவிட்டீர்கள் என்று சொல்லுவேன். எத்தனை பேர் கேட்டாலும், நீங்கள் சரி என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

இன்னும் கோபம் ஆறாத, உங்கள் பெண்,
லல்லி
மாட்டுங்கா